லேப்டாப் வைஃபையை பிஎஸ்4-க்குக் கொடுப்பது: ஹாட்ஸ்பாட்டா, கேபிளா?

கேள்வி: 11 ஜூன் 2022, இரவு 11:52

துரைப்பாக்கத்தில் ஒரு பிஜியில் இருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் பிஎஸ்4 கேம் கன்சோல் வாங்கினேன், முதலில் வந்த தடி மாடல். பிஜி வைஃபையில் சேர்ந்ததும் பிரவுசரில் ஒரு பக்கம் வந்து ரூம் நம்பரும் பாஸ்வேர்டும் கேட்கும். லேப்டாப், போன் ரெண்டிலும் பிரச்சினை இல்லை. பிஎஸ்4 மட்டும் ‘ஐபி அட்ரஸ் கிடைத்தது, இன்டர்நெட் இணைப்பு தோல்வி’ என்று நின்றுவிடுகிறது. ரூம்மேட் சொன்னான் என்று லேப்டாப்பில் மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டேன். இணைப்பு வந்துவிட்டது. ஆனால் ஆட்டத்துக்குள் போனால் ஒரே இழுவை, பார்ட்டியில் (ஆடிக்கொண்டே குழுவாகப் பேசும் வசதி) நண்பர்கள் குரல் கேட்பதில்லை, டெஸ்ட் பண்ணினால் நாட் டைப் 3 என்று காட்டுகிறது. லேப்டாப் வழியாகக் கொடுத்தால் எப்போதுமே இப்படித்தானா அண்ணா? லேன் கேபிள் வாங்கினால் சரியாகுமா?

12 ஜூன் 2022, காலை 6:40

கேபிள் வாங்குங்கள். இழுவை பெரும்பாலும் நிற்கும். நாட் டைப் 3, அதாவது வெளியிலிருந்து யாரும் பிஎஸ்4-ஐ நேராக எட்ட முடியாத நிலை, அப்படியேதான் இருக்கும். ரெண்டும் வேறு வேறு பிரச்சினை, ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஹாட்ஸ்பாட்டில் நடப்பது இது. லேப்டாப்பில் இருப்பது ஒரே ஒரு வைஃபை அட்டை. பிஜி ரவுட்டரிடம் வாங்குவதும் அதுதான், பிஎஸ்4-க்குக் கொடுப்பதும் அதுதான். ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் ரெண்டு தடவை போகிறது. ஒரே சேனல் என்றால் நேரத்தைப் பாதிப் பாதியாகப் பங்கு போடும். 5 கிகாஹெர்ட்ஸில் வாங்கி 2.4-இல் கொடுக்கிறது என்றால் பல அட்டைகள் அங்கும் இங்கும் தாவிக்கொண்டே இருக்கும். படம் பார்க்க இது போதும், ஏனென்றால் படம் முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆட்டத்தில் சேர்த்து வைக்க எதுவும் இல்லை.

இன்னொன்று. முதல் மாடல் பிஎஸ்4-க்கு 5 கிகாஹெர்ட்ஸ் கிடையவே கிடையாது. 2016-இல் வந்த ஸ்லிம், புரோ ரெண்டுக்கும்தான் அது உண்டு. பிஜி மாதிரி இடத்தில் 2.4-இல் நூறு பேர் நிற்பார்கள். ஒன்றோடொன்று மோதாத சேனல் அதில் 1, 6, 11 என்று மூன்றுதான். கேபிள் போட்டால் லேப்டாப் மட்டும் 5-இல் பேசும், பிஎஸ்4 வைஃபை சண்டைக்கே வராது. உங்களுக்குக் கிடைக்கிற நிஜமான லாபம் அதுதான்.

12 ஜூன் 2022, காலை 7:10

எப்படிச் செய்வது என்று எழுதாமல் விட்டேன். விண்டோஸ் 10, 11 ரெண்டுக்கும் ஒரே கதை.

கேபிளின் ஒரு முனை லேப்டாப்பில், மறுமுனை பிஎஸ்4-இல். லேப்டாப்பில் வழக்கம்போல பிஜி வைஃபைக்கு லாகின் பண்ணிவிடுங்கள். கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் பட்டியலைத் திறந்தால் வைஃபை ஒன்று, ஈதர்நெட் ஒன்று தெரியும். வைஃபை மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஷேரிங் டேப். ‘மற்றவர்கள் இந்தக் கணினி வழியாக இன்டர்நெட் பயன்படுத்தலாம்’ என்கிற பொருளில் ஒரு வரி இருக்கும், அதில் டிக். கீழே எந்த அடாப்டருக்கு என்று கேட்டால் ஈதர்நெட்டைத் தேர்ந்தெடுங்கள். விர்ச்சுவல் மெஷின், விபிஎன் என்று எதையாவது போட்டு வைத்திருந்தால் அவையும் அந்தப் பட்டியலில் ஈதர்நெட் மாதிரியே பெயர் வைத்துக்கொண்டு நிற்கும். பாதிப் பேர் கோட்டை விடுவது அங்கேதான்.

நினைவில் வையுங்கள்: டிக் போட வேண்டியது இன்டர்நெட் வருகிற பக்கம், அதாவது வைஃபையில். ஈதர்நெட்டில் போட்டால் தலைகீழாகிவிடும்.

பிஎஸ்4-இல் நெட்வொர்க் செட்டிங்கில் லேன் கேபிள், ஈஸி. ஐபி 192.168.137 என்று ஆரம்பித்தால் லேப்டாப் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். 169.254 என்று ஆரம்பித்தால் யாருமே கொடுக்கவில்லை, தானாக ஒன்றை வைத்துக்கொண்டது. அப்போது முதலில் ஆன்டிவைரஸோடு வந்த ஃபயர்வாலைச் சந்தேகப்படுங்கள்.

12 ஜூன் 2022, இரவு 9:30

நாட் விஷயம். நாட் என்றால் ஒரே ஐபிக்குப் பின்னால் பல கருவிகளை ஒளித்து வைத்து இன்டர்நெட் கொடுப்பது. தம்பி மறுபடி கேட்டிருக்கிறார், ‘கேபிள் போட்ட பிறகாவது டைப் 2 வராதா’ என்று.

வெளியிலிருந்து ஒருவர் உங்கள் பிஎஸ்4-ஐத் தேடி வந்தால், வாசலில் ஒரு வாட்ச்மேன், மாடிப்படியில் இன்னொரு வாட்ச்மேன். ரெண்டு பேருக்கும் உங்கள் ரூம் நம்பர் தெரியாது. மாடிப்படி வாட்ச்மேன் உங்கள் லேப்டாப், அவரிடம் நீங்கள் பேசலாம். வாசலில் இருப்பவர் பிஜி ரவுட்டர், அவர் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார். அவருக்கும் வெளியே இன்டர்நெட் கம்பெனிக்காரரே ஒரு கேட் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. ரவுட்டருக்கு வெளியிலிருந்து கிடைக்கிற ஐபி 100.64-இலிருந்து 100.127-க்குள் இருந்தால் அப்படித்தான். 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட எண்கள் அவை.

சோனி கணக்கில் டைப் 1 என்றால் நடுவில் யாரும் இல்லை, டைப் 2 என்றால் ரவுட்டர் இருக்கிறது ஆனால் வழி விடுகிறது, டைப் 3 என்றால் வழி அடைப்பு. எக்ஸ்பாக்ஸில் இதையே ஓப்பன், மாடரேட், ஸ்ட்ரிக்ட் என்பார்கள். ரெண்டு அடுக்கு இருந்தாலே டைப் 3 என்று சட்டம் எதுவும் கிடையாது, நடுவில் இருப்பது எவ்வளவு கறார் என்பதுதான் கேள்வி. வீட்டில் லேப்டாப் வழியாகக் கொடுத்தும் டைப் 2 வருவதைப் பார்க்கலாம். பிஜியில் அந்த நம்பிக்கை வேண்டாம்.

டைப் 3-ஐ வைத்துக்கொண்டே நிறைய ஆடலாம். ராக்கெட் லீக், ஃபோர்ட்நைட் மாதிரி கம்பெனியே சர்வர் வைத்திருக்கும் ஆட்டங்களில் நீங்கள்தான் வெளியே போய்ப் பேசுகிறீர்கள், தடை இல்லை. ஜிடிஏ ஆன்லைன் மாதிரி ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் நேராக இணையும் ஆட்டங்களில்தான் தகராறு. பார்ட்டியில் குரல் கேட்காததும் அதே காரணம்தான். குரலுக்குப் போனில் வேறு ஏதாவது ஆப் வைத்துப் பேசுங்கள், தீர்ந்தது.

13 ஜூன் 2022, பிற்பகல் 1:20

‘லேப்டாப் வழியாகக் கொடுப்பதெல்லாம் ஜுகாட் (எப்படியோ ஒப்பேற்றும் வேலை), யாரும் செய்ய மாட்டார்கள்’ என்று கீழே ஒருவர். செய்யாமல் பின்னே?

எக்ஸ்பாக்ஸ் 360 வந்த 2005-இலிருந்து 2010-இல் எஸ் மாடல் வரும் வரை அதில் வைஃபையே கிடையாது. தனியாக அடாப்டர் வாங்கணும், அமெரிக்காவில் அதன் விலை கிட்டத்தட்ட 100 டாலர். மேற்கு மாம்பலத்தில் மாடி போர்ஷனில் இருந்தேன் அப்போது. கீழே ஹவுஸ் ஓனர் வீட்டில் ரவுட்டர், மாதம் ஒரு தொகை கொடுத்தால் பாஸ்வேர்டு. மாடிக்கு வயர் இழுக்க அவர் சம்மதிக்கவில்லை, சுவரில் ஓட்டை போடக் கூடாதாம். விண்டோஸ் எக்ஸ்பி லேப்டாப்பை ஜன்னலோரம் வைத்து, கேபிளில் 360-க்குக் கொடுத்துத்தான் ஆடினோம். ஜன்னலோரம் ஏனென்றால் சிக்னல் அங்கேதான் இருந்தது. கொசுவும் அங்கேதான்.

எக்ஸ்பியில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் ஷேரிங் தனக்கு 192.168.0.1 என்ற ஐபியைத்தான் வைத்துக்கொள்ளும். ஓனர் ரவுட்டருக்கும் அதே 192.168.0.1. ரெண்டு பக்கமும் ஒரே வரிசை எண் என்றால் பாக்கெட் எந்தப் பக்கம் போகும்? வைஃபை பளிச்சென்று இருக்கும், கேபிள் விளக்கும் எரியும், ஒன்றும் நடக்காது. ஓனர் மகனைப் பிடித்து ரவுட்டரை 192.168.1.1-க்கு மாற்றிய பிறகுதான் வேலை செய்தது. அவனுக்குக் கூலி, ஞாயிற்றுக்கிழமைகளில் ரெண்டாவது கன்ட்ரோலர்.

விண்டோஸ் 7 காலத்திலேயே இதை 192.168.137.1 ஆக்கிவிட்டார்கள். யாரும் வீட்டு ரவுட்டருக்கு 137 வைக்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். சரியான நினைப்புதான்.

13 ஜூன் 2022, பிற்பகல் 1:34

விட்டுப்போனது: எக்ஸ்பாக்ஸ் லைவ் குறைந்தது 1364 எம்டியூ கேட்கும். எம்டியூ என்றால் ஒரு பாக்கெட் எத்தனை பைட் வரை பெரிதாக இருக்கலாம் என்கிற அளவு. அதற்குக் கீழே போனால் டெஸ்ட்டிலேயே தோல்வி. லேப்டாப்பில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அது தன் பங்குக்கு எம்டியூவைக் குறைக்கும். ஆபீஸ் லேப்டாப்பில் இதைச் செய்கிறவர்கள் கவனிக்கவும். ஆபீஸ் லேப்டாப்பில் இதைச் செய்வதே வேண்டாம் என்பது என் கட்சி.

15 ஜூன் 2022, இரவு 10:15

ஷேரிங் வேண்டாம், ரெண்டு அடாப்டரையும் செலக்ட் பண்ணி பிரிட்ஜ் போடு (ரெண்டையும் ஒரே நெட்வொர்க்காக ஒட்டுவது), ஒரு நாட் குறையும் என்று சேலத்து நண்பர் எழுதியிருக்கிறார். தாளில் சரி. வைஃபையில் சரிவராது.

கேபிளுக்கும் கேபிளுக்கும் பிரிட்ஜ் போட்டால் அருமையாக வேலை செய்யும். வைஃபையில், லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்குப் போகிற ஒவ்வொரு ஃபிரேமிலும் (காற்றில் போகிற பாக்கெட்) மூன்று முகவரிதான் இருக்கும்: அனுப்புகிறவர், ரவுட்டர், போய்ச்சேர வேண்டிய இடம். பின்னால் பிஎஸ்4 என்று இன்னொரு ஆள் இருக்கிறார் என்று சொல்ல அதில் இடம் இல்லை. தன்னிடம் பதிவு செய்யாத மேக் முகவரியிலிருந்து (ஒவ்வொரு நெட்வொர்க் அட்டைக்கும் உரிய தனி எண்) வருவதை ரவுட்டர் தூக்கிப் போட்டுவிடும். நான்கு முகவரி வைத்துப் பேசும் முறையும் உண்டு, அதற்கு ரெண்டு பக்கமும் ஒத்துழைக்க வேண்டும். விண்டோஸ் பிரிட்ஜ் சில அட்டைகளில் முகவரியை மாற்றி எழுதிச் சமாளிக்கும், சிலதில் சமாளிக்காது. அதனால்தான் ஒருவர் ‘எனக்கு வேலை செய்கிறது’ என்பார், இன்னொருவர் அடித்துச் சொல்வார் ‘நடக்கவே நடக்காது’ என்று. ரெண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள்.

அதெல்லாம் போகட்டும். தம்பியின் பிரச்சினையே லாகின் பக்கம். பிரிட்ஜ் போட்டால் பிஎஸ்4-க்கு பிஜி ரவுட்டரே தனி ஐபி கொடுக்கும், அந்த லாகின் பக்கம் மறுபடி பிஎஸ்4 முன்னால் வந்து நிற்கும். ஷேரிங்கில் நாட் இருப்பதால்தான் பிஎஸ்4 லேப்டாப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடிகிறது. எல்லோரும் திட்டுகிற அந்த நாட்தான் இங்கே நமக்குக் காரியம் செய்கிறது.

15 ஜூன் 2022, இரவு 10:22

‘குறுக்குக் கேபிள் வேண்டுமா’: வேண்டாம். ஒரு முனையாவது தானாக மாற்றிக்கொள்ளும் போர்ட்டாக இருந்தால் போதும், பிஎஸ்4-இல் இருக்கிற ஜிகாபிட் போர்ட் அந்த வகைதான். சென்னை ரிச்சி தெருவில் கேட் 5இ கேபிளை மீட்டர் கணக்கில் வெட்டி ஆர்ஜே45 கிளிப் அடித்துத் தருவார்கள். வாங்கும்போது ரெண்டு கிளிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். ரெண்டு முனையிலும் இதே வரிசை என்றால் நேர்க் கேபிள். ஒரு முனையில் ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறியிருந்தால் குறுக்கு. நீலமும் பிரவுனும் சரியாகக் கடிக்காமல் விட்டிருந்தால் கேபிள் வேலை செய்யும், ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும். பிஜி வைஃபைக்கு அதுவே அதிகம்.

16 ஜூன் 2022, காலை 8:02

தம்பி கேபிள் போட்டுவிட்டாராம், இழுவை போய்விட்டதாம், நாட் டைப் 3-தானாம். நல்லது. ரூம்மேட் இப்போது ‘நான் சொன்னதுதானே’ என்கிறானாம். ரூம்மேட்டுக்கு இந்த இழையைக் காட்டாதீர்கள்.

19 ஜூன் 2022, மாலை 5:45

‘நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை.’ எதிர்பார்த்தேன்.

விண்டோஸ் 10-இல் ஷேரிங்குக்கு ஒரு கெட்ட பழக்கம். நான்கு நிமிடம் அந்த வழியாகப் போக்குவரத்து இல்லை என்றால் சர்வீஸ் தூங்கிவிடும், தானாக எழுந்திருக்காது. ரீஸ்டார்ட் பண்ணினாலும் அதே கதி. டிக் மட்டும் அப்படியே இருக்கும், பார்க்கிறவன் எல்லாம் சரியாக இருப்பதாக நினைப்பான். கைவைத்தியம்: டிக்கை எடுத்து ஓகே, மறுபடி டிக் போட்டு ஓகே. தினமும் செய்ய அலுப்பாக இருந்தால், சர்வீஸஸ் பட்டியலில் இன்டர்நெட் கனெக்ஷன் ஷேரிங் (ஐசிஎஸ்) என்பதை ஆட்டோமேட்டிக் ஆக்கிவிட்டு, ரெஜிஸ்ட்ரியிலும் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம்) ஒரு மதிப்பைச் சேர்க்க வேண்டும். மைக்ரோசாஃப்டே அதை எழுதி வைத்திருக்கிறது. ‘ஐசிஎஸ் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு வேலை செய்யவில்லை’ என்று அவர்களுடைய உதவிப் பக்கத்தில் தேடுங்கள். ரெஜிஸ்ட்ரி என்றதும் பயம் வருகிறவர்கள் டிக்கை எடுத்துப் போடுவதோடு நிறுத்திக்கொள்ளவும்.

அப்புறம் மூடி. லேப்டாப்பை மூடினால் தூங்கும், தூங்கினால் பிஎஸ்4-க்கு நெட் நின்றுவிடும். பவர் ஆப்ஷன்ஸில் மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்று வைக்கலாம், சார்ஜரில் இருக்கும்போது மட்டும். மூடி வைத்து ராத்திரி முழுக்க 50 ஜிபி இறக்குகிறவர்கள் மெத்தை மேல் வைக்க வேண்டாம். காற்றுப் போகிற துளை அடிப்பக்கம் இருக்கிறது.

19 ஜூன் 2022, மாலை 6:10

இன்னும் ஒன்று. ஆடிக்கொண்டிருக்கும்போது அவ்வப்போது பிங் (சர்வருக்குப் போய்ப் பதில் வர ஆகும் நேரம்) எகிறி இறங்கினால், லேப்டாப் வைஃபை அட்டை வேறு ரவுட்டர் இருக்கிறதா என்று மற்ற சேனல்களை எட்டிப் பார்க்கிறது. டாஸ்க்பாரில் வைஃபை பட்டியலைத் திறந்தே வைத்திருந்தால் இன்னும் அடிக்கடி பார்க்கும். மூடி வையுங்கள். லேப்டாப்பில் அப்டேட் இறங்குகிறதா, கிளவுடுக்குப் போட்டோ ஏறுகிறதா என்றும் பாருங்கள். நடுவில் இருக்கிற ஆள் சாப்பிட்டது போகத்தான் மிச்சம் பிஎஸ்4-க்கு.

2 ஜூலை 2022, இரவு 11:05

காலேஜ் ஹாஸ்டல் ஆள் ஒருவர் வந்திருக்கிறார். அவர் நிலைமை வேறு. அங்கே லாகின் பக்கம் இல்லை, வைஃபையில் சேரும்போதே யூசர் நேம், பாஸ்வேர்டு ரெண்டையும் கேட்கும். எடுரோம் (பல கல்லூரிகளுக்குப் பொதுவான வைஃபை) இருக்கிற இடங்களில் எல்லாம் இப்படித்தான், எண்டர்பிரைஸ் வகை. பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன், நின்டெண்டோ ஸ்விட்ச் எதற்கும் அந்த வகை தெரியாது, யூசர் நேம் போட இடமே இருக்காது. லாகின் பக்கம் என்றாலாவது ஸ்விட்ச் ‘பதிவு செய்ய வேண்டும்’ என்று சொல்லி அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டும். இதற்கு அதுவும் கிடையாது. லேப்டாப்தான் வழி, கேபிளில்.

அவர் கேட்ட தந்திரம்: லேப்டாப்பின் மேக் முகவரியை பிஎஸ்4-உடையதாக மாற்றி லாகின் பண்ணிவிட்டு, பிறகு பிஎஸ்4-ஐ நேராக வைஃபையில் சேர்ப்பது. எண்டர்பிரைஸில் இது நடக்காது, பாஸ்வேர்டு சேரும்போதே வேண்டும். லாகின் பக்கம் உள்ள இடத்தில், ரவுட்டர் மேக்கை நினைவில் வைத்திருந்தால் நடக்கும். ஆனால் விண்டோஸ் 7-இலிருந்து வைஃபை அட்டைக்கு நீங்கள் விரும்பியதையெல்லாம் வைக்க முடியாது. ரெண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இந்த நான்கில் ஒன்றாக இருந்தால்தான் ஏற்கும். கம்பெனியில் அடித்து வருகிற மேக் முகவரி அந்த வகையில் இருக்காது. லினக்ஸில் இந்தத் தடை இல்லை, பென் டிரைவில் உபுண்டு பூட் பண்ணிச் செய்கிறவர்கள் உண்டு. ஒரு லாகின் பக்கத்துக்காக இவ்வளவு பாடு எதற்கு?

ஹாஸ்டல் விதியில் ஷேரிங் கூடாது என்று இருந்தால், மறைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கும். விண்டோஸிலிருந்து கிளம்புவது 128. பிஎஸ்4 64-இல் கிளப்பும், லேப்டாப்பைத் தாண்டும்போது 63 ஆகிவிடும். ஒரே லேப்டாப்பிலிருந்து 128-உம் 63-உம் வந்தால் பின்னால் ஆள் இருக்கிறார் என்று பார்க்கிறவருக்குத் தெரியும். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கன்சோலின் மேக் முகவரியைக் கொடுத்தால் அவர்களே பதிந்து தருகிற காலேஜ்களும் உண்டு, அதைவிடச் சுலபம் எதுவும் இல்லை.

3 ஜூலை 2022, காலை 9:00

பிராக்ஸி, அதாவது நமக்காக இன்டர்நெட்டில் கேட்டு வாங்கித் தரும் இடையாள், போட்டால் என்ன என்று அதே ஹாஸ்டல் நண்பர். லேப்டாப்பில் ஒரு பிராக்ஸி சாஃப்ட்வேர் ஓடவிட்டு, பிஎஸ்4-இல் கஸ்டம் செட்டிங்கில் பிராக்ஸி சர்வர் இடத்தில் லேப்டாப் ஐபியைக் கொடுக்கலாம். ஸ்டோர், அப்டேட் இறக்குவது எல்லாம் நடக்கும். ஆட்டம் யூடிபி என்கிற வேறு முறையில் போவது, அது பிராக்ஸி பக்கமே வராது. டவுன்லோடுக்கு மட்டும் என்றால் சரி.

21 ஆகஸ்ட் 2022, இரவு 12:20

பேச்சு நின்டெண்டோவுக்குத் தாவிவிட்டது, தாவட்டும். டிஎஸ், டிஎஸ் லைட் என்கிற கையடக்கக் கன்சோல் ரெண்டும் டபிள்யூஇபி (WEP) என்கிற பழைய வைஃபை பூட்டை மட்டும்தான் புரிந்துகொள்ளும். வீட்டு ரவுட்டரில் புதிய பூட்டு போட்டதும் டிஎஸ் வெளியே நிற்கும். ஜுகாட் என்று சொன்னவருக்கு இது: 2005-இல் நின்டெண்டோவே வைஃபை யூஎஸ்பி கனெக்டர் என்று ஒன்றை விற்றது. எக்ஸ்பி கணினியில் செருகினால், கணினியின் இன்டர்நெட்டை அது டிஎஸ்-க்கும் வீ (Wii) கன்சோலுக்கும் காற்றில் பிரித்துக் கொடுக்கும். நாம் கேபிளில் செய்வதைப் பெட்டியில் போட்டு விற்றார்கள், வேறொன்றும் இல்லை. டிஎஸ் ஆன்லைன் சேவை 2014 மே 20-இல் நின்றுபோனது, இனி அந்தக் கனெக்டர் அலமாரிக்குத்தான்.

அதே கதை இன்று வேறு பெயரில் வருகிறது. ரவுட்டரை டபிள்யூபிஏ3 என்கிற இன்னும் புதிய பூட்டு மட்டும் என்று வைத்தால் பிஎஸ்4 உள்ளே வராது. டபிள்யூபிஏ2, 3 ரெண்டும் கலந்த மோடில் வையுங்கள். இதற்காகவெல்லாம் லேப்டாப்பை நடுவில் போட வேண்டியதில்லை.

4 பிப்ரவரி 2023, மாலை 7:40

மேக்புக் வைத்திருப்பவருக்கு: ஷேரிங் பக்கத்தில் இன்டர்நெட் ஷேரிங் இருக்கிறது, வைஃபையிலிருந்து ஈதர்நெட்டுக்கு என்று வையுங்கள். கன்சோலுக்கு 192.168.2 வரிசையில் ஐபி வரும். வைஃபையில் வாங்கி அதே வைஃபையில் கொடுக்க மேக்புக் விடாது. எரிச்சலாக இருந்தாலும் மேலே நான் எழுதிய காரணங்களுக்காக அது நல்லதுதான். உபுண்டுவில் வயர்டு இணைப்பின் ஐபிவி4 பக்கத்தில் ‘மற்ற கணினிகளோடு பகிர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் 10.42.0 வரிசை. மூன்றிலும் எனக்குத் தொல்லை தராதது உபுண்டுதான். ஒரு தடவை வைத்தால் வைத்ததுதான், விண்டோஸ் மாதிரி தூங்கி வழியாது.

5 பிப்ரவரி 2023, காலை 10:25

ராத்திரி யோசித்துப் பார்த்தேன். இத்தனை எழுதியும், நிரந்தரமாக இருக்கிற வீட்டுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். லேப்டாப் இழுக்கிற மின்சாரம், ஃபேன் சத்தம், யாராவது அதை எடுத்துக்கொண்டு போனால் ஆட்டம் அம்போ. உள்ளங்கை அளவு டிராவல் ரவுட்டர்கள் கிடைக்கின்றன. அதை கிளையன்ட் மோடில் வைத்தால் வைஃபையில் வாங்கி லேன் போர்ட்டில் கொடுக்கும், செய்வது லேப்டாப் செய்த அதே வேலைதான். லாகின் பக்கம் உள்ள இடத்திலும் ரவுட்டருக்குப் பின்னால் போனைச் சேர்த்து ஒரு தடவை லாகின் பண்ணினால், பின்னால் இருப்பவர்கள் எல்லோருக்கும் திறந்துவிடும். எண்டர்பிரைஸ் வைஃபையை மலிவான ரவுட்டர்கள் ஏற்காது, ஹாஸ்டல்காரர்கள் வாங்கும் முன் பார்த்துக்கொள்ளவும்.

சொந்த வீட்டில் ரவுட்டர் ஹாலில், டிவி படுக்கையறையில் என்றால் வயர் இழுப்பதற்கு மேல் எதுவும் இல்லை. வாடகை வீட்டில் ஓட்டை போட விட மாட்டார்கள், தெரியும். கதவுக்கு அடியில் தட்டைக் கேபிள் போகும்.

லேப்டாப் முறை எதற்கு என்றால், கன்சோலால் தானே போக முடியாத இடத்துக்கும் தற்காலிகத்துக்கும். வேகத்துக்காக அல்ல. ‘லேப்டாப்பில் ஸ்பீடு நன்றாக வருகிறது, அதனால் வழியாகக் கொடுக்கிறேன்’ என்கிறவர்களுக்கு, லேப்டாப்பில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்து கன்சோலில் இல்லாத ஒரே ஒரு நிலையில்தான் அது பலிக்கும்.

5 பிப்ரவரி 2023, காலை 10:31

‘அப்படியென்றால் முதலிலேயே ரவுட்டர் வாங்கச் சொல்லியிருக்கலாமே’ என்று ஒருவர். தம்பியிடம் லேப்டாப் இருந்தது, கேபிளுக்குக் கொடுக்கக் காசு இருந்தது, ஞாயிற்றுக்கிழமை இருந்தது. வேறு என்ன சொல்வது?

18 ஆகஸ்ட் 2024, இரவு 8:50

இழையைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்டோரை ஜூலை 29-இல் மூடிவிட்டார்களே, இனி 360-க்கு நெட் எதற்கு என்று கேள்வி. கடை மூடியதுதான். ஏற்கெனவே வாங்கியதை மறுபடி இறக்கலாம், சர்வர் இருக்கிற ஆட்டங்களை ஆன்லைனில் ஆடலாம். வைஃபை இல்லாத பழைய 360-ஐ நூறு டாலர் அடாப்டர் தேடாமல் லேப்டாப் வழியாக இணைப்பது இன்றைக்கும் சரியான வழி.

லேப்டாப்பில் லேன் போர்ட்டே இல்லை என்று எழுதிய மதுரை நண்பருக்கு: யூஎஸ்பி லேன் அடாப்டர் வாங்குங்கள். யூஎஸ்பி 3 ஜிகாபிட் என்று போட்டிருப்பதை வாங்கினால் பிறகு வேறு வேலைக்கும் ஆகும், 360-க்கு மட்டும் என்றால் 100 எம்பிபிஎஸ் அடாப்டரே போதும், 360-இன் போர்ட்டும் அவ்வளவுதான். செருகியதும் நெட்வொர்க் கனெக்ஷன்ஸில் ஈதர்நெட் 2 என்று ஏதாவது பெயரில் வரும், ஷேரிங்கில் அதைத் தேர்ந்தெடுங்கள். வேறு யூஎஸ்பி துளைக்கு மாற்றினால் ஈதர்நெட் 3 ஆகிவிடலாம், அப்போது ஷேரிங்கை மறுபடி வைக்க வேண்டிவரும். அதனால் ஒரே துளையில் செருகுங்கள்.

கேபிள் எவ்வளவு நீளம் போகலாம் என்றும் கேட்டிருக்கிறார். 100 மீட்டர் வரை கவலை இல்லை. உங்கள் ஹால் அதைவிடப் பெரிது என்றால் 360-ஐ விட்டுவிட்டுப் புதுசே வாங்கலாம் நீங்கள்.